திருவந்திபுரம்: சிறுமலையும் ஏரிநாடும் ஒரு கல்வெட்டும்

திருவந்திபுரம் (திருவகீந்திரபுரம், திருவயிந்திரபுரம்) கடலூர் நகருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், கெடில ஆற்றங்கரையில் அமைந்த ஊர். ஆற்றை ஒட்டித் தேவநாதசுவாமி கோயிலும், அதன் எதிரே ஔஷதகிரி என்னும் சிறுமலையின் மேல் ஹயக்ரீவர் கோயிலும் உள்ளன. வைணவத் திவ்விய தேசங்கள் 108இல் இதுவும் ஒன்று. திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றது. வரலாற்று மாணவர்களுக்கு இவ்வூர் வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. 13ஆம் நூற்றாண்டில் சோழப் பேரரசர் ஒருவர் தம் குறுநில மன்னனிடமே சிறைப்பட்டதையும், அவரை மீட்க வந்த படை கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை அழித்ததையும் வரிசையாகச் சொல்லும் கல்வெட்டு இக்கோயிலில்தான் உள்ளது.

மலை என்னும் மேடு

கடலூர் மாவட்டம் பெரும்பாலும் சமவெளி. மேற்கே கல்வராயன் மலையும் வடமேற்கே செஞ்சிக் குன்றுகளும் தொலைவில் இருக்கின்றன. கடற்கரையை ஒட்டிய பகுதியில் உயரமாகத் தெரிவது கடலூருக்குத் தென்மேற்கே நீளும் செம்மண் மேட்டுநிலம் ஒன்றுதான். ஔஷதகிரி இம்மேட்டுநிலத்தின் விளிம்பில் கெடிலத்தைப் பார்த்தபடி அமைந்துள்ளது. உயரம் சில பத்து மீட்டர்களே ஆனாலும், சுற்றிலும் வயலும் ஆறும் கடலுமாக இருப்பதால் மக்கள் இதை மலை என்றே அழைக்கின்றனர்.

மேட்டுநிலத்தின் மற்றொரு பகுதிக்குக் கேப்பர் மலை என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வீடு கட்டிக்கொண்ட கேப்பர் என்ற கம்பெனிப் படை அதிகாரியின் பெயர் அது.

இந்த மேடு மணற்கல்லாலும் அதன் மேல் படிந்த செம்பூரான் கல்லாலும் ஆனது. தமிழகக் கடற்கரையில் பல இடங்களில் காணப்படும் இவ்வகைப் பாறை, புவியியலில் 'கடலூர் மணற்கல்' என்றே அழைக்கப்படுகிறது. திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடைப்பதும் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி புதைந்திருப்பதும் இப்பாறைத் தொகுதியில்தான். மழைநீர் இம்மணற்கல்லில் எளிதில் இறங்கும். அதனால் மேட்டின் மேல் பலாவும் முந்திரியும், அடிவாரத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. மரம் குறைந்த சரிவுகளில் மழை செம்மண்ணை அரித்து ஆழமான ஓடைகளை உண்டாக்கியிருக்கிறது.

தலமரபு

ஆதிசேடன் வழிபட்ட இடம் என்பதால் 'அகீந்திரபுரம்' (பாம்புகளின் தலைவனது ஊர்) என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறுகிறது. அனுமன் தூக்கிவந்த சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டே ஔஷதகிரி என்பது மற்றொரு நம்பிக்கை. ஔஷதம் என்றால் மருந்து. கோயிலில் உள்ள சேஷ தீர்த்தத்தில் உப்பு, மிளகு, வெல்லம் இட்டு நோய் நீங்க வேண்டிக்கொள்ளும் வழக்கம் இன்றும் உள்ளது. சுற்றுவட்டாரத்தினர் திருமணம் நடத்தும் தலமாகவும் இது விளங்குகிறது. முகூர்த்த நாள்களில் கோயிலிலும் தெருக்களிலும் மணமக்கள் கூட்டம் நிறைந்திருக்கும்.

மலைக்கோயிலுக்கு ஏற 74 படிகள் உள்ளன. வைணவத்தைப் பரப்ப இராமானுசர் நியமித்த 74 சிம்மாசனாதிபதிகளை அப்படிகள் குறிப்பதாகச் சொல்வர். தெற்கே சிதம்பரத்துக்கு அப்பால் உள்ள வீராணம் ஏரிக்கு 74 மதகுகள் இருந்தன என்பதும், அந்த மதகுகளைக் கண்ட பிறகே இராமானுசர் 74 பேரை நியமித்தார் என்பதும் செவிவழி மரபு. ஏரி நீர் பல மதகுகள் வழியாக வயல்களுக்குப் பாய்வதுபோல் சமயக் கருத்தும் பல வாயில்கள் வழியாகப் பாயவேண்டும் என்பது அதன் உட்பொருள். இது ஆவணத்தால் நிறுவப்பட்ட செய்தியன்று. ஆயினும் மலையையும் ஏரியையும் இப்பகுதி மக்கள் ஒரே நிலத்தின் இரு உறுப்புகளாக நினைத்து வந்ததை இம்மரபு காட்டுகிறது.

வீராணம்: படை வெட்டிய ஏரி

வீராணம் ஏரி காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் ஏறத்தாழ 14 கி.மீ. நீளத்துக்குப் பரந்துள்ளது. முதலாம் பராந்தக சோழனுக்கு (ஆட்சி: பொ.யு. 907–955) 'வீரநாராயணன்' என்ற பட்டப்பெயர் உண்டு. வீரநாராயண ஏரி என்பதே வீராணம் என மருவியது. காட்டுமன்னார்கோயிலின் பழம்பெயரும் வீரநாராயணபுரம். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் இது.

இராட்டிரகூடர் படையெடுப்பை எதிர்பார்த்துப் பராந்தகனின் மகன் இராசாதித்தன் பெரும்படையுடன் நடுநாட்டில் நெடுங்காலம் தங்கியிருந்தான். போர் இல்லாத காலத்தில் அந்தப் படைவீரர்களைக் கொண்டே ஏரி வெட்டப்பட்டது என்பது மரபு. இராசாதித்தன் 949இல் தக்கோலப் போரில் யானைமீது இருந்தபடியே உயிர்நீத்தான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினம் ஆடிப்பெருக்கு நாளில் இந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது.

ஏரிக்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வருகிறது. கீழணை 1836இல் கட்டப்பட்டது. சுமார் 45,000 ஏக்கர் நிலம் இன்றும் இந்த ஏரியால் பாசனம் பெறுகிறது. 2004 முதல் இதன் நீர் 200 கி.மீ.க்கும் அதிகமான தொலைவுக்குக் குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிநீராகச் செல்கிறது.

இந்த ஏரியின் அருகே எள்ளேரி என்ற சிற்றூர் இருக்கிறது. ஏரி வெட்டப்பட்டு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு, இதே வட்டாரத்துக்கு வேறொரு படை வந்தது. அது அழித்த ஊர்களின் பட்டியலில் முதலில் நிற்கும் பெயர் எள்ளேரி. அந்தப் பட்டியல் பொறிக்கப்பட்டிருப்பது திருவந்திபுரத்தில்.

சிறைப்பட்ட பேரரசர்

மூன்றாம் இராசராசன் 1216இல் சோழ அரசுரிமை பெற்றார். அப்போது பேரரசு பெயரளவில்தான் பெரிதாக இருந்தது. தெற்கே முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின் மேல் படையெடுத்திருந்தான். வடக்கேயும் நடுநாட்டிலும் இருந்த குறுநிலத் தலைவர்கள் தனியரசர்களைப் போல நடந்துகொண்டனர். அவர்களுள் வலிமை மிக்கவர்கள் காடவர்கள். பல்லவர் வழிவந்தோராகத் தம்மைக் கூறிக்கொண்ட இவர்களின் இருப்பிடம், கெடில ஆற்றங்கரையில் திருவந்திபுரத்துக்கு மேற்கே உள்ள சேந்தமங்கலம். அது இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது.

காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ அரசரைத் தெள்ளாற்றில் வென்று சிறைப்பிடித்ததாக வயலூர்க் கல்வெட்டு பெருமையுடன் கூறுகிறது. சோழர் சேந்தமங்கலத்தில் அடைக்கப்பட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு கங்கை வரையும் கடாரம் வரையும் படை அனுப்பிய அரசகுலத்தின் தலைவர், தமக்குத் திறை கட்டவேண்டியவனின் கோட்டையில் கைதியாக இருந்தார். அவரால் தம்மைத்தாமே மீட்டுக்கொள்ள முடியவில்லை. அண்டை நாட்டு அரசர் ஒருவர் உதவிக்கு வரவேண்டியிருந்தது.

கல்வெட்டு சொல்வது

திருவந்திபுரக் கல்வெட்டு மூன்றாம் இராசராசனின் ஆட்சியாண்டில், பொ.யு. 1231–32 அளவில் பொறிக்கப்பட்டது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் இதை 'எபிகிராபியா இண்டிகா' ஏழாம் தொகுதியில் பதிப்பித்தார். அதன் செய்திகளைச் சுருக்கமாகப் பின்வருமாறு கூறலாம்.

கோப்பெருஞ்சிங்கன் சோழரைச் சிறைவைத்ததையும், நாட்டையும் கோயில்களையும் அழித்ததையும் போசள (ஹொய்சள) அரசர் வீரநரசிம்மர் கேள்வியுற்றார். சோழநாட்டை நிலைநிறுத்தியவர் என்ற தம் புகழைக் காப்பாற்றாமல் தம் வெற்றிக்காளம் ஊதப்படாது என்று சூளுரைத்தார். தலைநகர் துவாரசமுத்திரத்திலிருந்து (இன்றைய கர்நாடகத்தின் ஹளேபீடு) புறப்பட்டு, வழியில் மகர நாட்டை வென்று, பாச்சூரில் தங்கினார். அங்கிருந்து அப்பணன், சமுத்திர கோபையன் என்ற தண்டநாயகர்கள் இருவரை அனுப்பினார். கோப்பெருஞ்சிங்கனின் நாட்டை அழித்துச் சோழரை மீட்டுவருவது அவர்களுக்கு இடப்பட்ட ஆணை.

தண்டநாயகர்கள் எள்ளேரி, கள்ளியூர்மூலை, தொழுதகையூர் ஆகிய ஊர்களை அழித்தனர். கோப்பெருஞ்சிங்கன் பக்கம் நின்ற தலைவர்கள் பலரையும், ஈழத்துப் பராக்கிரமபாகு சார்ந்தோரையும் கொன்று குதிரைகளைக் கைப்பற்றினர். பின்னர்ச் சிதம்பரத்தில் பொன்னம்பலத்து இறைவனை வணங்கினர். அங்கிருந்து வடக்கே நகர்ந்து தொண்டைமானல்லூர் முதலிய வளமான ஊர்களை அழித்தனர். காடுகளை வெட்டினர். திருப்பாதிரிப்புலியூரில் முகாமிட்டனர். திருவதிகை, திருவெக்கரை முதலிய ஊர்களையும் அழித்தனர். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே இருந்த பகுதியை எரித்து, பெண்களைச் சிறைப்பிடித்து, கொள்ளையிட்டனர். இறுதியில் சேந்தமங்கலத்தைத் தாக்க முற்பட்டபோது கோப்பெருஞ்சிங்கன் அஞ்சிச் சோழரை விடுவிப்பதாகச் செய்தி அனுப்பினான். தண்டநாயகர்கள் சோழரை அழைத்துச் சென்று அவர் நாட்டில் சேர்த்தனர்.

கல்வெட்டை வாசிக்கும் முறை

இக்கல்வெட்டு வென்றவர் தரப்பின் கூற்று. இதை மூன்று கோணங்களில் வாசிக்கவேண்டும்.

முதலாவது, ஊர்ப்பெயர்கள். பட்டியலில் உள்ள பல ஊர்கள் இன்றும் அதே பெயருடன் உள்ளன. எள்ளேரி வீராணம் பகுதியில் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர் இன்றைய கடலூர் நகரின் ஒரு பகுதி. திருவதிகை பண்ருட்டியை அடுத்துள்ளது. திருவெக்கரை என்பது திருவக்கரை என்று கருதப்படுகிறது. படை தெற்கே ஏரிநாட்டில் தொடங்கி, சிதம்பரம் வழியாக வடக்கே வந்து, கெடிலத்தை ஒட்டி மேற்கே திரும்பியிருக்கிறது. தலைநகரை நேரடியாகத் தாக்காமல் அதற்குச் சோறு போட்ட ஊர்களை முதலில் அழித்ததை இவ்வழி தெளிவாகக் காட்டுகிறது. ஏரிப்பாசன நாட்டில் அரசனின் வலிமை வயலில்தான் இருந்தது. வயலை எரித்தால் கோட்டை தானே பணியும் என்பதைத் தண்டநாயகர்கள் அறிந்திருந்தனர்.

இரண்டாவது, கோயில்களைப் பற்றிய குற்றச்சாட்டு. கோப்பெருஞ்சிங்கன் கோயில்களை அழித்ததாகப் போசளர் தரப்பு சொல்கிறது. ஆனால் சிதம்பரம் நடராசர் கோயிலின் தெற்குக் கோபுரத்துக்குச் 'சொக்கச்சீயன்' என்ற பெயர் கோப்பெருஞ்சிங்கனின் திருப்பணியால் வந்தது. பரதநாட்டியக் கரணங்கள் 108உம் செதுக்கப்பட்ட கிழக்குக் கோபுரத்துடனும் அவன் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. எள்ளேரியை அழித்துவிட்டு வந்த தண்டநாயகர்கள் வணங்கியதும், அவர்களின் எதிரி கோபுரம் எடுத்ததும் ஒரே கோயிலில்தான். அக்காலப் போர்களைச் சமயப் பகையாக மட்டும் காண்பது பொருந்தாது என்பதற்கு இது நல்ல சான்று.

கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரில் தந்தை, மகன் என இருவர் இருந்தனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. சோழரைச் சிறைப்பிடித்தவன் இவர்களுள் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. 1243 முதல் தன் பெயரில் ஆட்சியாண்டு கணக்கிட்டுத் தனியரசனாக ஆண்டவன் இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன்.

மூன்றாவது, மீட்பின் விலை. கல்வெட்டில் அரசர்களுக்கும் தண்டநாயகர்களுக்கும் குதிரைகளுக்கும் கணக்கு உண்டு. எரிந்த ஊர்களில் இருந்த உழவர்களுக்கும், சிறைப்பட்ட பெண்களுக்கும் பெயர் இல்லை. எள்ளேரியில் இருந்தவர்கள் சோழரைச் சிறைப்பிடிக்கவில்லை. அவர்கள் சோழரின் குடிகளாகவும் காடவரின் குடிகளாகவும் ஒரே நேரத்தில் இருந்தவர்கள். தங்கள் பேரரசரை மீட்பதற்காகவே அவர்களது ஊர் அழிக்கப்பட்டது. கல்வெட்டு இதை மறைக்கவில்லை. வெற்றியின் பகுதியாகவே வெளிப்படையாக எழுதுகிறது. அந்த வெளிப்படைத்தன்மையால்தான் எட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்த ஊர்களுக்கு நேர்ந்தது தெரியவருகிறது.

மீட்கப்பட்ட அரசரால் அரசைக் காப்பாற்ற முடியவில்லை. போசளர் காவிரிக்கரையில் கண்ணனூரில் தங்கித் தமிழக அரசியலில் நிலையான பங்கு பெற்றனர். இராசராசனுக்குப் பின் வந்த மூன்றாம் இராசேந்திரனுடன் 1279 அளவில் சோழர் ஆட்சி முடிவுற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் காடவர் அரசும் மறைந்தது. இரு நாடுகளும் பாண்டியர் வசமாயின.

வேதாந்த தேசிகர்

சோழர் ஆட்சி முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், 1268இல் காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புல்லில் வேதாந்த தேசிகர் பிறந்தார் என்பது வைணவ மரபு. அவர் பல ஆண்டுகளைத் திருவந்திபுரத்தில் கழித்தார். ஔஷதகிரியில் தவமிருந்து ஹயக்ரீவரின் அருள்பெற்றதாக நம்பிக்கை. தேவநாதப் பெருமாள்மீது 'தேவநாயக பஞ்சாசத்' என்ற வடமொழி நூலையும், 'அச்சுத சதகம்' என்ற பிராகிருத நூலையும், 'மும்மணிக்கோவை' என்ற தமிழ் நூலையும் இயற்றினார். மூன்று மொழிகளிலும் ஒரே ஊரின் இறைவனைப் பாடியது குறிப்பிடத்தக்கது. அவர் தம் கையால் கட்டியதாகச் சொல்லப்படும் கிணறு இன்றும் காட்டப்படுகிறது.

போர்ச் செய்தியைக் கல்லில் தாங்கிய கோயில், அடுத்த தலைமுறைகளில் கல்விக்கும் கவிதைக்கும் இடமானது. இன்றும் தேர்வுக்கு முன் மாணவர்கள் 74 படி ஏறிக் கல்விக்கடவுளாகிய ஹயக்ரீவரை வணங்கிச் செல்கின்றனர்.

பிற்காலப் போரும் சிறையும்

1690இல் ஆங்கிலேயக் கம்பெனி கெடிலத்தின் முகத்துவாரத்துக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியது. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் எல்லை வரை உள்ள நிலம் கம்பெனிக்கு உரியது என்பது விற்பனை விதி. அவ்வாறு கிடைத்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. புனித டேவிட் கோட்டை என்று பெயர்பெற்ற இது, 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றபோது சில ஆண்டுகள் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமாக இருந்தது.

1783 ஜூன் 13 அன்று கடலூரைப் பிடித்திருந்த பிரெஞ்சு, மைசூர்ப் படைகளுக்கும் கம்பெனிப் படைக்கும் கடும் போர் நிகழ்ந்தது. நகருக்கு வெளியே உள்ள மேட்டுநிலத்தைப் பிடிப்பது இரு தரப்புக்கும் முக்கியமாக இருந்தது. ஒரே நாளில் இரு பக்கமும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காயமுற்றனர். ஜூன் 20இல் கடலிலும் போர் நடந்தது. ஆனால் இங்கிலாந்தும் பிரான்சும் அந்த ஆண்டு ஜனவரி 20 அன்றே வெர்செயிலில் முதற்கட்ட அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தன. கப்பல் வழியாக அச்செய்தி கடலூரை எட்டியது ஜூன் இறுதியில். இந்தப் போரிலும் தொலைவில் இருந்த அரசர்களின் வழக்குக்கு இந்த மண் களமானது.

கேப்பர் மலையில் கடலூர் மத்தியச் சிறை அமைந்துள்ளது. புதுச்சேரியில் பத்தாண்டுகள் தங்கியிருந்த சுப்பிரமணிய பாரதி, 1918 நவம்பரில் ஆங்கிலேய எல்லைக்குள் நுழைந்ததும் கைதுசெய்யப்பட்டுக் கடலூரில் சிறைவைக்கப்பட்டார். மூன்று வாரங்களுக்குப் பிறகு விடுதலையானார்.

காண்போருக்கு

திருவந்திபுரத்துக்குக் கடலூரிலிருந்து நகரப் பேருந்துகள் செல்கின்றன. மலைமேல் நின்றால் கெடிலமும், அதன் இரு கரை வயல்களும், கிழக்கே கடலூர் நகரும் தெரியும். அங்கிருந்து திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலையும், பண்ருட்டிச் சாலையில் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலையும் ஒரே நாளில் காணலாம். இரண்டும் திருநாவுக்கரசர் வாழ்வோடு தொடர்புடையவை.

தெற்கே செல்வோர் குறிஞ்சிப்பாடிப் பகுதியில் பெருமாள் ஏரியையும், சிதம்பரத்தில் நடராசர் கோயிலின் தெற்கு, கிழக்குக் கோபுரங்களையும் பார்த்துவிட்டு, காட்டுமன்னார்கோயில் வழியாக வீராணம் ஏரிக்கரையை அடையலாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஏரி நிறைந்திருக்கும்போது பறவைகளும் மிகுதியாக வரும். 1231இல் தண்டநாயகர்களின் படை நகர்ந்த வழி ஏறத்தாழ இதுவே. திசைதான் எதிர். இன்று பயணி மலையிலிருந்து ஏரிக்குச் செல்கிறார். அன்று படை ஏரியிலிருந்து மலைநோக்கி வந்தது.

இராசாதித்தனின் படை வெட்டியதாகச் சொல்லப்படும் ஏரி இன்றும் நீர் தருகிறது. தண்டநாயகர்களின் படை அழித்த எள்ளேரியில் மக்கள் மீண்டும் குடியேறி உழுதனர். ஊர் அதே பெயரில் இன்றும் இருக்கிறது. சோழர், காடவர், போசளர் ஆகிய மூன்று அரசுகளும் மறைந்துவிட்டன.